கேம் பெட்டி சண்டை: இந்த இதழ் கேள்வி பதில்

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸோட அடையாளமா இருந்த ஹேலோ கேம், எதிராளி சோனியோட ப்ளேஸ்டேஷன் 5க்கும் (பிஎஸ்5) வரப்போகுதுன்னு போன இதழ்ல நாலு வரி எழுதிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கேள்விங்கதான் இந்த பக்கம் முழுக்க. வேற சப்ஜெக்ட் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க ப்ளீஸ்.

கேள்வி: நான் எக்ஸ்பாக்ஸ், என் ரூம்ல மத்த மூணு பேரும் பிஎஸ்5. "உன் ஹேலோவும் எங்க வீட்டுக்கு வந்துருச்சு பாத்தியா"ன்னு ஒரு வாரமா ஓட்டுறானுங்க. உண்மையாவே மனசு கஷ்டமா இருக்கு. ஒரு கேமுக்கு இவ்ளோ ஃபீல் பண்றது தப்பா? (கல்லூரி மாணவர், கோவை)

தப்பே இல்ல தம்பி. ஸ்கூல் லீவு முழுக்க கூட இருந்த கேம், ஃபீல் பண்ணாம எப்படி இருக்கும். ஆனா ஹேலோ எங்கெங்க சுத்திட்டு வந்துச்சுன்னு ஒருதடவ கேளுங்க. 1999ல அந்த கேமை முதல்ல மேடைல காட்டினது ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கம்ப்யூட்டருக்கு வரப்போற கேம்னு சொல்லித்தான் காட்டினார். அடுத்த வருஷமே அதை செஞ்சிட்டிருந்த பன்ஜி கம்பெனியையே மைக்ரோசாஃப்ட் வாங்கிருச்சு, 2001 நவம்பர் 15 அமெரிக்காவுல முதல் எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்தப்ப கூடவே ஹேலோவும் வந்துச்சு, அந்த பெட்டி ஓடினதுக்கு பெரிய காரணமே அதுதான். 2007ல பன்ஜி மைக்ரோசாஃப்ட்டை விட்டு பிரிஞ்சு தனியா வந்துட்டாங்க, கேமோட உரிமை மட்டும் மைக்ரோசாஃப்ட்கிட்டயே நின்னுச்சு. அப்புறம் 2022ல அதே பன்ஜிய 360 கோடி டாலர் குடுத்து சோனி வாங்கிருச்சு. அதாவது ஹேலோவ பெத்தவங்க ஏற்கனவே சோனி வீட்லதான் இருக்காங்க, இப்ப புள்ளையும் அந்த வீட்டு வாசலுக்கு வருது, அவ்ளோதான். நீங்க விளையாடின ராத்திரிய யாரும் உங்ககிட்ட இருந்து புடுங்கிட்டு போகல. உங்க ரூம்மேட்ஸ்க்கு அந்த முதல் கேமை சொல்லிக்குடுக்கப்போற ஆளே நீங்கதான், யோசிச்சு பாருங்க.

கேள்வி: இந்த கன்சோல் (கேம் பெட்டி) சண்டை யார் ஆரம்பிச்சது? எங்க அண்ணன் சேகான்னு ஒரு பேர் சொல்றார், நான் கேள்விப்பட்டதே இல்ல. (விருதுநகர்)

உங்க அண்ணன் சரியாத்தான் சொல்றார். இதை கொஞ்சம் நீளமா சொல்லணும்.

1983ல அமெரிக்காவுல வீடியோ கேம் வியாபாரமே படுத்துருச்சு. அட்டாரி கம்பெனி விக்காத கேம் கேசட்டையெல்லாம் லாரில ஏத்தி நியூ மெக்சிகோ மாநிலத்துல குழி தோண்டி புதைச்சாங்க, 2014ல அதை திரும்ப தோண்டியும் எடுத்தாங்க. அந்த சுடுகாட்டுலதான் 1985ல ஜப்பான்ல இருந்து நின்டெண்டோ வந்து கடை போட்டுச்சு. நாலே வருஷத்துல மார்க்கெட் அவங்க கைல. கேம் செஞ்சு குடுக்கற கம்பெனிங்களுக்கு கடுமையான கண்டிஷன் போட்டாங்க, வருஷத்துக்கு அஞ்சு கேம்தான் விடலாம், அதே கேமை ரெண்டு வருஷத்துக்கு வேற பெட்டிக்கு குடுக்கக்கூடாது, கேசட்டும் நின்டெண்டோகிட்டதான் அடிக்கணும். யாரும் வாய தொறக்க முடியாத நெலம.

அப்பதான் 1989ல சேகா, அதுவும் ஜப்பான் கம்பெனி, ஜெனிசிஸ்ங்கற பெட்டிய அமெரிக்காவுக்கு கொண்டுவந்தாங்க (ஜப்பான்லயும் மத்த ஊர்லயும் அதுக்கு பேர் மெகா டிரைவ்). வந்ததும் ஒரு விளம்பரம் விட்டாங்க, நின்டெண்டோவால முடியாததை ஜெனிசிஸ் செய்யும்ங்கற அர்த்தத்துல, எதிராளி பேரையே திரிச்சு ஒரு கோஷம். போட்டிக்காரன் பேரை நேரா சொல்லி அடிக்கற பழக்கம் இந்த தொழில்ல அங்கதான் ஊறுச்சு. 1990ல சேகாவோட அமெரிக்க கம்பெனிக்கு டாம் கலின்ஸ்கின்னு ஒருத்தர் தலைவரா வந்தார், அதுக்கு முன்னாடி பார்பி பொம்மை விக்கிற மேட்டல் கம்பெனில இருந்தவர். வந்ததும், பெட்டி விலைய கொறைங்க, பெட்டியோட கூடவே நம்மகிட்ட இருக்கறதுலயே நல்ல கேமை ஃப்ரீயா குடுங்க, நின்டெண்டோவ நேரா தாக்குங்கன்னு கேட்டார். டோக்கியோல இருந்த போர்டுக்கு சுத்தமா புடிக்கல, இருந்தாலும் தலைவர் நாகயாமா உங்க இஷ்டப்படி செய்யுங்கன்னு விட்டுட்டார். 1991 ஜூன்ல சோனிக் கேம் வந்துச்சு, அந்த நீலக்கலர் முள்ளெலி, ஓடுற வேகத்துல கண்ணு கலங்கும். ரெண்டு மாசம் கழிச்சு 199 டாலருக்கு நின்டெண்டோவோட புது பெட்டி சூப்பர் நின்டெண்டோ வந்தப்ப ஜெனிசிஸ் 149 டாலருக்கு சோனிக்கோட சேர்த்து கடைல இருக்கு. நின்டெண்டோ சின்னப்பசங்களுக்கு, சேகா வளந்த பசங்களுக்குன்னு விளம்பரம். ஸ்கூல் பசங்க ரெண்டா பிரிஞ்சாங்க.

அப்புறம் 1993 செப்டம்பர் 13, மோர்ட்டல் காம்பாட்ங்கற சண்டை கேம் ரெண்டு பெட்டிக்கும் ஒரே நாள்ல வந்துச்சு. நின்டெண்டோ ரத்தம் வேணாம்னு சொன்னதால அதுல அடிச்சா சாம்பல் கலர்ல வேர்வை மாதிரி தெறிக்கும். ஜெனிசிஸ்ல ஏ பி ஏ சி ஏ பி பின்னு பட்டனை தட்டினா ரத்தம் வந்துரும். படம் சத்தம் ரெண்டும் நின்டெண்டோலதான் நல்லா இருந்துச்சு, ஆனா வித்தது ஜெனிசிஸ்ல. அந்த டிசம்பர்லயே அமெரிக்க செனட்ல விசாரணை வெச்சாங்க, செனட்டர் லீபர்மேன் முன்னாடி நின்டெண்டோ ஆளும் சேகா ஆளும் பக்கத்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நாட்டுக்கே தெரியற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொன்னாங்க. இன்னிக்கு கேம் அட்டைல எந்த வயசுக்குன்னு ஒரு எழுத்து போட்டிருக்குல்ல, அமெரிக்காவுல அது அடுத்த வருஷம் வந்ததே அந்த விசாரணையாலதான்.

நான் இதுல ஒண்ணைத்தான் அடிச்சு சொல்லுவேன். இந்த சண்டை பசங்க ஆரம்பிச்சது கிடையாது. ஆபீஸ்ல உக்காந்து காசு குடுத்து எழுதின வசனத்தை பசங்க விளையாட்டு மைதானத்துல போய் ஒப்பிச்சாங்க. ஜப்பான்ல இந்த அளவுக்கு சேகா-நின்டெண்டோ சண்டையே இல்ல, அங்க மெகா டிரைவ் மூணாவது எடத்துலதான் கெடந்துச்சு. விளம்பரம் எங்க இறங்குச்சோ அங்கதான் பசங்களும் இறங்கினாங்க.

கேள்வி: அவ்ளோ பெரிய சேகா அப்புறம் ஏன் காணாம போச்சு? நின்டெண்டோ அழிச்சிருச்சா? (சென்னை, தாம்பரம்)

நின்டெண்டோவும் அழிக்கல, முழுசா சோனியும் அழிக்கல. எனக்கு இதை எழுதறப்பவே வருத்தமாத்தான் இருக்கு. டோக்கியோ ஆபீஸும் அமெரிக்க ஆபீஸும் ஒண்ணா இழுக்கல, அதுதான் வினை. 1994 நவம்பர்ல அமெரிக்காவுல ஜெனிசிஸ் மேல மாட்டற 32எக்ஸ்னு ஒரு மெஷினை 159 டாலருக்கு வித்தாங்க, அதே மாசம் ஜப்பான்ல சாட்டர்ன்னு முழு புது கன்சோலையே விட்டுட்டாங்க. 32எக்ஸ் வாங்கினவன் ஆறு மாசத்துல ஏமாந்து நிக்கறான். 1995 மே மாசம் லாஸ் ஏஞ்சலஸ்ல முதல் ஈ3 கேம் கண்காட்சி, செப்டம்பர்ல வரவேண்டிய சாட்டர்ன் இன்னிக்கே கடைல இருக்கு, விலை 399 டாலர்னு சேகா மேடைல சொல்லிட்டாங்க. சில கடைக்கு மட்டும்தான் சரக்கு போச்சு, கெடைக்காத கடைக்காரங்க கோவத்துல சேகா பொருளையே வெக்கமாட்டேன்னுட்டாங்க. கேம் செய்யறவங்களும் செப்டம்பரைத்தான் நம்பிட்டிருந்தாங்க, அதனால புது பெட்டிக்கு கேமும் இல்ல. அன்னிக்கே சோனி மேடைல ஸ்டீவ் ரேஸ்னு ஒருத்தர் ஏறினார், அவங்க புது பெட்டி ப்ளேஸ்டேஷனோட விலையா "299"னு ஒரே ஒரு நம்பரை சொன்னார், இறங்கிப்போயிட்டார். 100 டாலர் வித்தியாசம், கைதட்டல் அடங்கல.

கடைசியா டிரீம்காஸ்ட். 1998ல ஜப்பான்ல, 1999 செப்டம்பர் 9 அமெரிக்காவுல. இன்டர்நெட்டுக்கு மோடம் பெட்டிக்குள்ளயே குடுத்த கன்சோல், அருமையான கேம்ஸ், என் கணக்குல அந்த காலத்து கன்சோல்லயே தைரியமான வேலை அது. ஆனா முன்னாடி ரெண்டு தடவ ஏமாந்த ஜனங்க சோனியோட பிஎஸ்2 வரட்டும்னு காத்திருந்தாங்க, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மாதிரி பெரிய கம்பெனியும் கேம் குடுக்கமாட்டேன்னுட்டாங்க. 2001 ஜனவரி 31 அன்னிக்கு இனிமே கன்சோல் செய்யமாட்டோம்னு அறிவிச்சாங்க. அப்ப சேகா தலைவரா இருந்த இசாவோ ஒகாவா, உடம்பு முடியாம இருந்த மனுஷன், கிட்டத்தட்ட 70 கோடி டாலர் மதிப்புள்ள சொந்த ஷேரை கம்பெனிக்கே எழுதிக்குடுத்துட்டு மார்ச்ல இறந்துபோனார். சேகா இன்னிக்கும் கேம் கம்பெனியா உயிரோட இருக்குன்னா அதுல அவருக்கு பெரிய பங்கு இருக்கு. அதே 2001 டிசம்பர்ல ஜப்பான்ல சோனிக் கேம் நின்டெண்டோ பெட்டில வந்துச்சு, 2002 பிப்ரவரில அமெரிக்காவுக்கும் வந்துச்சு. பத்து வருஷம் நின்டெண்டோவோட மரியோவ திட்டிட்டு இருந்த பசங்க அப்ப கடைல நின்னு அந்த அட்டைய கைல எடுத்து பாத்திருப்பாங்கல்ல, அதை நெனச்சாதான் எனக்கு, முதல் கேள்வி கேட்ட கோவை தம்பி மனசு புரியுது.

கேள்வி: ப்ளேஸ்டேஷனை உருவாக்கினதே நின்டெண்டோதான்னு ஒரு வீடியோல சொன்னாங்க. உண்மையா? (ஈரோடு)

உருவாக்கலங்க, உருவாக வெச்சாங்க. சோனில கென் குடராகின்னு ஒரு இன்ஜினியர், வீட்ல பொண்ணு நின்டெண்டோவோட ஃபேமிகாம் பெட்டில விளையாடறதை பாத்துட்டு, இதோட சத்தம் இன்னும் நல்லா இருக்கலாமேன்னு யோசிச்சவர். சோனி பெரிய ஆளுங்களுக்கு தெரியாமலே நின்டெண்டோவுக்கு ஒரு சவுண்ட் சிப் செஞ்சு குடுத்தார், சூப்பர் நின்டெண்டோல கேக்கற பாட்டெல்லாம் அந்த சிப்லதான் ஓடுது. விஷயம் தெரிஞ்சு வேலைய விட்டே தூக்கறேன்னு நின்னாங்க, தலைவர் நோரியோ ஓகாதான் காப்பாத்தினார். அப்புறம் ரெண்டு கம்பெனியும் சேர்ந்து சிடி போடற ஒரு பெட்டி செய்யலாம்னு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துல சிடில வர்ற கேமோட உரிமை, வருமானமெல்லாம் சோனி பக்கம் சாஞ்சிருந்துச்சு. நின்டெண்டோ தலைவர் யமவுச்சிக்கு அது பொறுக்கல. 1991 ஜூன்ல சிகாகோ கண்காட்சில சோனி எழுந்து எங்க ப்ளே ஸ்டேஷன் வருதுன்னு சொல்றாங்க, மறுநாளே நின்டெண்டோ அதே கண்காட்சில எழுந்து நாங்க பிலிப்ஸ் கம்பெனியோட சேர்றோம்னு சொல்லிட்டாங்க. கல்யாண மண்டபத்துல வெச்சு மாப்பிள்ளைய மாத்தின மாதிரி.

ஓகாவுக்கு வந்த கோவம் சாதாரண கோவம் இல்ல. குடராகிய தனியா செய்யச்சொன்னார், 1994 டிசம்பர் 3 ஜப்பான்ல ப்ளேஸ்டேஷன் வந்துச்சு. நின்டெண்டோ அடுத்த பெட்டியான நின்டெண்டோ 64லயும் கேசட்டை விடமாட்டேன்னு நின்னாங்க, அதனால அவங்ககூடவே இருந்த ஸ்கொயர் கம்பெனி ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ எடுத்துக்கிட்டு சோனி பக்கம் போயிட்டாங்க, அந்த கேம் மூணு சிடி, கேசட்ல அடங்கவே அடங்காது. முடிவுல ப்ளேஸ்டேஷன் 10 கோடி பெட்டிக்கு மேல வித்துச்சு, நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 30 லட்சம். அந்த கல்யாணம் நின்னுபோன காலத்து சாம்பிள் பெட்டி ஒண்ணு, நின்டெண்டோ பேரும் சோனி பேரும் சேர்ந்தே இருக்கறது, 2020ல ஏலத்துல 3,60,000 டாலருக்கு போச்சு.

கேள்வி: பிஎஸ்5 vs எக்ஸ்பாக்ஸ் நம்ம தல-தளபதி ஃபேன் சண்டை மாதிரிதானே சார்? இதுக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? (நாகர்கோவில்)

மாதிரிதான், ஆனா ஒரு எடத்துல வேற. பொங்கலுக்கு ரெண்டு பேர் படமும் வந்தா, ஃபேனா இருக்கறவன்கூட ரெண்டுக்கும் டிக்கெட் வாங்கி பாத்துடலாம். இங்க அது முடியாது. நம்ம ஊர்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வந்தப்ப 49,990 ரூபா, பிஎஸ்5ம் டிஸ்க் போடறது 49,990 ரூபா. ஒரு வீட்ல ரெண்டையும் யார் வாங்குவா? அப்பாகிட்ட ஒரு வருஷம் கெஞ்சி வாங்கின பெட்டி, அது தப்பான பெட்டின்னு ஒருத்தன் சொன்னா அந்த பையனால தாங்க முடியாது, அப்பாவோட காசை அவன் வீணாக்கிட்டான்னு ஆயிடுது. அதனால அவன் பெட்டிக்காக சண்டை போடறான்னு நாம நெனைக்கறோம், அவன் அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் சண்டை போடறான். எனக்கு ஃபேன் பசங்க மேல கோவமே வரமாட்டேங்குது, இதனாலதான். ஆன்லைன்ல கேம் செய்யறவங்களை போய் கேவலமா திட்டறாங்க பாருங்க, மிரட்டல் விடறாங்க, அதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.

கேள்வி: கம்பெனிங்க அடிச்சுக்கறதால நமக்கு என்ன லாபம்? (திருச்சி)

நெறைய லாபம் இருக்கு, கம்பெனி சண்டைய நான் நிறுத்தச்சொல்லவே மாட்டேன். 2013 ஜூன் 10, அதே ஈ3. அதுக்கு முன்னாடியே மைக்ரோசாஃப்ட், எங்க புது பெட்டி எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருதடவ இன்டர்நெட்ல செக் பண்ணும், பழைய கேம் டிஸ்கை விக்கறதுக்கும் குடுக்கறதுக்கும் கட்டுப்பாடு இருக்கும்னு சொல்லிருந்தாங்க, அன்னிக்கு விலை 499 டாலர்னு சொன்னாங்க. சாயங்காலம் சோனி மேடைல, எங்க பிஎஸ்4 பெட்டில பழைய கேம் தாராளமா விக்கலாம், நண்பனுக்கு குடுக்கலாம், விலை 399னு சொன்னாங்க, அரங்கமே எழுந்து கத்துச்சு. பிஎஸ்4ல கேம் ஷேர் பண்றது எப்படின்னு ஒரு குட்டி வீடியோ வேற விட்டாங்க, ஒருத்தர் டிஸ்கை இன்னொருத்தர் கைல குடுக்கறார், அவர் தேங்க்ஸ் சொல்றார், முடிஞ்சுது. ஒம்பதே நாள்ல, ஜூன் 19, மைக்ரோசாஃப்ட் அந்த கட்டுப்பாட்டையெல்லாம் வாபஸ் வாங்கிட்டாங்க. சோனின்னு ஒரு போட்டி இல்லாம இருந்திருந்தா பழைய டிஸ்க் வாங்கி விளையாடற நம்ம பசங்க கதி என்ன? நம்ம ஊர்ல நெறைய பேர் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்லதான் விளையாடறாங்க. அதனால சோனி ஏதோ தர்மம் பண்ணாங்கன்னு எடுத்துக்காதீங்க, வேற பெட்டிக்காரனோட சேர்ந்து ஆன்லைன்ல விளையாட 2018 வரைக்கும் கதவை சாத்தி வெச்சிருந்ததும் அதே சோனிதான். யார் முன்னாடி இருக்காங்களோ அவங்க கதவை சாத்துவாங்க, பின்னாடி இருக்கறவங்க தொறந்து விடுவாங்க, அடுத்த தடவ எடம் மாறும்.

கேள்வி: பெட்டிய வித்துதானே இவங்க சம்பாதிக்கறாங்க, அப்ப எதுக்கு தன் கேமை எதிராளிக்கு குடுக்கணும்? (தஞ்சாவூர்)

பெட்டில பல சமயம் நஷ்டம்தான். 2021ல எபிக்ங்கற கேம் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் நடந்த கேஸ்ல மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருத்தர் கோர்ட்லயே சொன்னார், எக்ஸ்பாக்ஸ் பெட்டிய ஒருநாளும் லாபத்துக்கு வித்ததில்லைன்னு. கேம் விக்கறப்ப வர்ற கமிஷன், மாச சந்தா, அதுலதான் காசு. ஆக்டிவிஷன் பிளிசார்ட்ங்கற கேம் கம்பெனிய 6,870 கோடி டாலர் போட்டு 2023ல வாங்கின கம்பெனி, கேமை ஒரே ஒரு கடைல மட்டும் வெச்சு விக்கமுடியுமா? சோனியும் சும்மா இல்ல, ஹெல்டைவர்ஸ் 2ங்கற தன் கேமை 2025 ஆகஸ்ட்ல எக்ஸ்பாக்ஸ்க்கு குடுத்துட்டாங்க.

கேள்வி: 90கள்ல நாங்களும் டிவில கேம் விளையாடினோம், ஆனா இந்த மாதிரி சண்டையே கெடையாதே? (மதுரை)

ஏன்னா நம்ம கைல இருந்தது பெரும்பாலும் ஒரே பெட்டிதான்! நின்டெண்டோ ஃபேமிகாமை பாத்து செஞ்ச காப்பி பெட்டிங்க, எந்த பேர்ல வாங்கினாலும் உள்ள அதே மரியோ, அதே கான்ட்ரா, ஒருத்தன் கேசட் இன்னொருத்தன் பெட்டில போகும். தெருவுல பத்து பையன் இருந்தா பத்து கேசட் எல்லாருக்கும் பொது. சேகா மெகா டிரைவும் 1995ல ஷா வாலஸ்ங்கற கம்பெனி மூலமா இந்தியாவுக்கு வந்துச்சு, ஆனா இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம், பெட்டி 18,000 ரூபா. அப்ப அது எத்தன மாச சம்பளம்னு உங்க அப்பாகிட்ட கேளுங்க.

கேள்வி: பிஎஸ்5 வாங்கவா, நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கவா? (சிங்கப்பூர்)

உங்க ஃப்ரெண்ட்ஸ் எதுல இருக்காங்களோ அது. பஸ்லயும் ரயில்லயும் விளையாடணும்னா ஸ்விட்ச்.

கேள்வி: என் பெரிய பையன்கிட்ட பிஎஸ்5, என் தங்கச்சி பையன்கிட்ட எக்ஸ்பாக்ஸ். சின்ன வயசுல ஒண்ணா விளையாடின புள்ளைங்க, இப்ப எது பெருசுன்னு சண்டை போட்டு ரெண்டு மாசமா பேசறதில்ல. ஃபங்ஷன்ல பாத்தாலும் மூஞ்சிய திருப்பிக்கறாங்க. நான் என்ன பண்றது? (ஒரு அம்மா, சேலம்)

அம்மா, உங்க கேள்விக்காகத்தான் இந்த பக்கத்தையே எழுதினேன். ராக்கெட் லீக்னு ஒரு கேம் இருக்கு, காரை வெச்சு ஃபுட்பால் ஆடறது, துப்பாக்கி ரத்தம் ஒண்ணும் கெடையாது. பிஎஸ்5லயும் இருக்கு, எக்ஸ்பாக்ஸ்லயும் இருக்கு, ரெண்டுலயும் ஃப்ரீ, அதை ஆன்லைன்ல ஆட மாச சந்தாவும் கட்டவேணாம். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு எபிக் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஒருத்தரை ஒருத்தர் ஃப்ரெண்டா சேர்த்துக்கிட்டா, உங்க பையன் சேலத்துல அவன் பெட்டில, தங்கச்சி பையன் அவங்க வீட்ல அவன் பெட்டில இருந்துக்கிட்டே, ஒரே டீம்ல ஆடலாம். ரெண்டு பேர் ரெண்டு பேரா மோதற ஆட்டம் இருக்கு, அதை போடச்சொல்லுங்க, எதிர் டீம்ல யாரோ முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர் வருவாங்க. முதல்ல நீங்க உங்க தங்கச்சிக்கு ஃபோன் போட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணின்னு பேசி வெச்சுக்கோங்க, பசங்ககிட்ட விட்டா யார் முதல்ல ரிக்வெஸ்ட் அனுப்பறதுன்னு அதுக்கே இன்னும் ரெண்டு மாசம் போயிடும். என்ன ஆச்சுன்னு கண்டிப்பா எனக்கு எழுதுங்க.